நாற்பத்திரண்டாம் நம்பர் இடம்

1

சித்திரை மாதத்தில் பத்திராதிபர் எனக்கு ஒரு காகிதம் எழுதினார். காலேஜ் திறக்கப்போகிற காலம். பினாங்கிலும் ரங்கூனிலும் கொழும்பிலும் இருக்கிற நம்மவர்கள் பிள்ளைகளைச் சென்னைக்குப் படிக்க அனுப்புகிறார்கள். எந்தக் காலேஜைப் பார்த்துச் சேர்ப்பது, முதல் வருஷத்தில் பிள்ளை எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நாலு வார்த்தை எழுதுங்கள், நீங்கள்தான் காலேஜ் படித்தவராயிற்றே என்று கேட்டிருந்தார். நானும் பெரிய மனுஷன் தோரணையில் ஒப்புக்கொண்டேன்.

பாதி எழுதியும் வைத்திருந்தேன். கட்டடத்தின் உயரத்தைப் பார்த்துக் காலேஜைத் தேர்ந்தெடுக்காதீர்கள், தங்குகிற இடத்துக்கும் அதற்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள் என்று எழுதினேன். பூட்டுள்ள டிரங்குப் பெட்டி, கொசுவலை, இரண்டு ஜோடி செருப்பு. முதல் மாதம் இங்கிலீஷ் பாடம் ஒன்றுமே விளங்காது, பயப்பட வேண்டாம், ஐந்தாவது வாரத்தில் காது திறந்துகொள்ளும் என்றும் எழுதினேன். எனக்கு அப்படித்தான் திறந்தது.

இப்போது ஆடி முடியப்போகிறது. பத்திராதிபர் இரண்டு தடவை நினைவுபடுத்திவிட்டார். கட்டுரை பாதியில் நின்றதற்குக் காரணம், வைகாசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் என் மூத்த மகள் கமலா என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்த ஒரு கடிதம்.

கமலாவுக்குப் பதினேழு வயது. இங்கே பினாங்கில் பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சையில் நன்றாகத் தேறியிருந்தாள். நான் சிங்கப்பூருக்கு அனுப்புவதாக இருந்தேன். சென்னைப் பேச்சு எடுத்தாலே ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிவிடுவேன். ஆனால் அவள் என்னைக் கேட்காமல், நான் படித்த அதே காலேஜுக்கே விண்ணப்பம் போட்டிருக்கிறாள். இப்போது அங்கே பெண்களையும் சேர்த்துக்கொள்கிறார்களாம். விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: தகப்பனார் இக்கல்லூரியின் பழைய மாணவரா? பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு ஏதோ சலுகை உண்டு. ஆமாம் என்று எழுதி, என் பெயரையும், ஜெர்மன் யுத்தம் முடிந்த வருஷத்தில் சேர்ந்தவர் என்பதையும் பெருமையாக எழுதி அனுப்பியிருக்கிறாள்.

காலேஜ் ஆபீஸ் பழைய புத்தகத்தைப் புரட்டிப் பதில் எழுதியிருந்தது. மேற்படி முனுசாமி நாற்பத்திரண்டாம் நம்பரில் சேர்ந்தது உண்மை. முதல் பருவம் முழுவதும் அவர் ஒரு நாள்கூட வகுப்புக்கு வரவில்லை. ஆகையால் பெயர் நீக்கப்பட்டது. அவரைப் பழைய மாணவராகக் கருத இயலாது. விண்ணப்பம் சாதாரண முறையில் பரிசீலிக்கப்படும்.

நான் படித்து முடிக்கும்வரை கமலா நின்றுகொண்டிருந்தாள். பிறகு மெதுவாகத்தான் கேட்டாள்.

"அப்பா, நீங்க ஒரு நாள்கூட காலேஜுக்குப் போகலையா?"



2

துறைமுகத்துக் கிடங்கு ஒன்றில் நான் கிராணி. இங்கே கணக்கப்பிள்ளையை அப்படித்தான் சொல்கிறார்கள். காலை ஆறு மணிக்கு மூட்டை தூக்கும் ஆட்களுக்கு ஆஜர் எடுப்பது என் வேலை. பெயரைக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்து, பிறகுதான் புத்தகத்தில் குறிப்பேன். ஒருவனுக்குப் பதில் இன்னொருவன் குரல் கொடுத்தால் என்னிடம் நடக்காது. அதனால் எனக்கு ஒரு பட்டப்பெயரும் உண்டு, அது இங்கே வேண்டாம். என் பிள்ளைகள் காய்ச்சல் என்று சொன்னால்கூட நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுவேன். மழையிலும் ரயிலேறிப் போனேன், ஒரு நாள் மட்டம் போட்டதில்லை என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். அப்பேர்ப்பட்டவனைப் பார்த்து ஒரு காலேஜ், நீ வரவே இல்லை என்கிறது.

நான் போனேன் என்றேன். அப்பன் பொய் சொல்கிறான் என்று அவள் முடிவு கட்டிவிட்டது முகத்திலேயே தெரிந்தது. கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் வராது. உள்ளே போய்த் தம்பியிடம் மலாய் மொழியில் ஏதோ பொரிந்து தள்ளினாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அந்த இரண்டு நாளும் நான் வேலை செய்துகொண்டே மனசால் என் ஊர் அம்பத்தூரில் இருந்தேன்.

எனக்குக் காலேஜைத் தேர்ந்தெடுத்தது ரயில்தான். அம்பத்தூரில் காலைப் பாசஞ்சர் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, மணியடிப்பதற்குள் நடந்து போய்ச் சேரக்கூடிய காலேஜ் எதுவோ அதுவே நல்ல காலேஜ். நைனா, அதாவது என் தகப்பனார், எங்கள் ஊர் மிராசுதாரின் நிலத்தை விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு உழுதவர். மிராசுதாரின் மகன் தாமோதரமும் நானும் பெரம்பூர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. தாமோதரத்தைக் காலேஜில் சேர்க்கப் போன அன்று, மிராசுதாரே என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தன் பிள்ளைக்குத் துணையாக இருக்கட்டும் என்ற எண்ணமும் இருந்திருக்கும், எனக்கு நல்லது செய்யும் எண்ணமும் இருந்திருக்கும். ஆபீசில் இருவரையும் அடுத்தடுத்துப் பதிந்தார்கள். தாமோதரத்துக்கு நாற்பத்தொன்று. எனக்கு நாற்பத்திரண்டு. நைனா காலேஜ் வாசலுக்கு வெளியே, தோள் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

முதல் நாள் வகுப்புக்குள் போனதும் திகைத்துப்போனேன். பெஞ்சுகள் படிப்படியாக மேலே ஏறிக்கொண்டே போயின. ஒவ்வொரு இடத்திலும் வெள்ளை வர்ணத்தில் நம்பர். நாற்பத்தொன்றில் தாமோதரம் உட்கார்ந்திருந்தார். நாற்பத்திரண்டு அவரை உரசிக்கொண்டு இருந்தது.

பள்ளிக்கூடத்தில் இந்தத் தொல்லை இல்லை. தரை சமம். அவர் முன்பெஞ்சு, நான் கடைசிப் பெஞ்சு. ஊரில் அவரைச் சின்னவர் என்போம். சின்னவர் இருக்கும் இடத்தில் எங்கள் வீட்டு ஆள் யாரும் சரிக்குச் சரி உட்கார்ந்ததில்லை. யாரும் எனக்கு இதைச் சொல்லித் தந்ததாக நினைவில்லை, சொல்லித் தரவும் வேண்டியிருக்கவில்லை. காலேஜில் என்ன செய்வது? பக்கத்தில் உட்கார முடியாது. பின்னால் போனால் அவர் தலைக்கு மேலே உட்கார வேண்டும். முன்னால் போனால் அவருக்கு முதுகைக் காட்ட வேண்டும். கடைசியில் கதவோரம் சுவரை ஒட்டி, பியூன் உட்காருகிற ஒரு பழைய பெஞ்சு தரையில் கிடந்தது. அதில் போய் உட்கார்ந்துகொண்டேன். அப்போதுதான் மூச்சு வந்தது.

அந்தப் பருவம் முழுவதும் அங்கேயே உட்கார்ந்தேன். வெள்ளைக்காரப் புரொபசர் என்னை எடுபிடி ஆள் என்று எண்ணியிருக்க வேண்டும். சாக்பீஸ் கொண்டுவரச் சொல்வார், பலகையைத் துடைக்கச் சொல்வார். அத்தனை பேரில் என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று எனக்கு உச்சி குளிர்ந்துபோகும். வகுப்பு தொடங்கியதும் ஒரு ஆள் அட்டையும் பென்சிலுமாக வந்து, படிகளை அண்ணாந்து பார்த்து, ஏதோ குறித்துக்கொண்டு போவான். அவன் யார் பெயரையும் கூப்பிட்டதில்லை. பெஞ்சு கணக்கெடுக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

3

பருவம் முடிந்ததும் ஆபீஸ் வாசலில் ஒரு பட்டியல் ஒட்டினார்கள். நீக்கப்பட்ட நம்பர்களில் என் நம்பரும் இருந்தது. உள்ளே போய் அங்கிருந்த குமாஸ்தாவைக் கேட்டேன். தலையைத் தூக்காமலே, உன் பெயரை அடித்தாயிற்று, போ என்றார். ஏன் என்று இன்னொரு தரம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திராது.

கேட்காததற்குக் காரணம், காரணம் எனக்குத் தெரியும் என்று நான் நினைத்ததுதான். நாங்கள் காலேஜில் பதிந்ததற்கும் வகுப்பு தொடங்கியதற்கும் இடையில் ஊரில் ஒரு சண்டை. சொர்ணவாரி என்கிற கோடைப் பயிர் நிற்கிறது, ஏரியில் தண்ணீர் அடிமட்டம். மடை திறந்து தண்ணீர் விடும் முறையில் மிராசுதாரின் காரியக்காரருக்கும் நைனாவுக்கும் வாய்த்தகராறு முற்றிவிட்டது. நைனா யாருக்கும் எதிரில் நின்று பேசியது அந்த ஒரு தடவைதான். அதற்குப் பழிவாங்க, சேர்த்த கையாலேயே மிராசுதார் என்னை நீக்கிவிட்டார் என்று நான் முடிவு செய்தேன். சந்தேகமே படவில்லை. அத்தனை நிச்சயமாக நான் பிறகு எதையும் நம்பியதில்லை.

வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. பூந்தமல்லி ரோட்டைப் பிடித்து நடந்தேன். பூந்தமல்லியில் நைனாவுக்குப் பழக்கமான தோல் வியாபாரி காதர் பாய் இருந்தார். பினாங்கில் அவருடைய அண்ணன் கடை வைத்திருந்தார். அந்த வாரம்தான் பாய் கப்பலேறுவதாக இருந்தது. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

"படிப்பு போனா போவுது தம்பி. அங்க எழுத்து தெரிஞ்ச ஆளுக்கு கிராக்கி கீது. என்கூட வந்துடு. உங்க நைனாகிட்ட நான் பேசிக்கிறேன்."

வந்துவிட்டேன். வந்த இரண்டாம் மாதம் நைனாவுக்குக் கடிதம் எழுதினேன். மிராசுதார் சொல்லித்தான் என் பெயரை அடித்தார்கள் என்று அதில் எழுதினேன். நைனாவுக்குப் படிக்கத் தெரியாது. யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள். அந்தத் தை அறுப்போடு நிலத்தை விட்டுவிட்டு, அம்மாவோடு திருநின்றவூரில் என் மாமன் வீட்டுக்குப் போய்விட்டார். மிராசுதார் இரண்டு முறை ஆள் அனுப்பி என்ன சமாசாரம் என்று கேட்டாராம். நைனா வாயைத் திறக்கவில்லையாம். மச்சான் வீட்டில் நாலு வருஷம் இருந்தார். அங்கேயே கண்ணை மூடினார். நான் போகவில்லை. அன்று முதல் இன்றுவரை அம்பத்தூர் மண்ணை மிதிக்கவில்லை. மகளைச் சென்னைக்கு அனுப்ப மாட்டேன் என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருந்ததும் இதனால்தான்.

4

மூன்றாம் நாள் நான் கிடங்கிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கமலா கையில் ஒரு சிறிய புத்தகத்தோடு வந்தாள். விண்ணப்பத்தோடு காலேஜ் அனுப்பிய விதிப்புத்தகம். அவள் அதை வரிவிடாமல் படித்திருக்கிறாள். நான் போனேன் என்று சொன்னது பொய்யா மெய்யா என்று கண்டுபிடிக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

ஒரு விதியை இங்கிலீஷில் படித்து, தமிழில் தட்டுத் தடுமாறிச் சொன்னாள். ஒவ்வொரு மாணவரும் தம் நம்பருக்குரிய இடத்திலேயே உட்கார வேண்டும். வகுப்பில் பெயர் கூப்பிடப்பட மாட்டாது. காலியாக இருக்கும் இடங்களின் நம்பர் குறிக்கப்படும். அந்த நம்பருக்கு உரியவர் வராதவர்.

"நீங்க எங்க உட்கார்ந்தீங்க அப்பா?"

சொன்னேன். பியூன் பெஞ்சு என்றதும் சிரித்துவிட்டாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். நம்பர் போட்ட இடம் இருக்கும்போது எதற்காக அங்கே போய் உட்கார்ந்தீர்கள் என்று கேட்டாள். இவள் பிறந்த ஊரில் டிராமில் யாரும் யார் பக்கத்திலும் உட்காருவார்கள். சீனத்தி, மலாய்க்காரர், துரை வீட்டு ஆயா, எல்லாரும் ஒரே பலகைதான். நான் விளக்கிய ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்குத் தெரிந்த தமிழ்தான், ஆனாலும் அவளுக்கு ஏறவில்லை. கடைசியில் ஒன்று கேட்டாள்.

"பக்கத்துல உட்காரக் கூடாதுன்னு அவர் சொன்னாரா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது. இருபது வருஷமாக நான் ஒரு தடவைகூட எடுத்துப் பார்க்காத ஞாபகம். முதல் நாள், வகுப்பு தொடங்குவதற்கு முன்னால், தாமோதரம் படியிலிருந்து குனிந்து என்னைக் கூப்பிட்டார். "இன்னாத்துக்குடா அங்க போய்க் குந்திகினு கீறே? இங்க வா." சொல்லிவிட்டுப் பக்கத்து இடத்தைக் கையால் தட்டினார். நான் மரியாதையாகச் சிரித்துவிட்டு அங்கேயே இருந்தேன். பெரிய இடத்துப் பிள்ளை, பண்புக்குக் கூப்பிடுகிறார், போய் உட்கார்ந்தால் நமக்குத்தான் அசிங்கம் என்று நினைத்தேன்.

சட்டையை மாட்டுகிற ஆணி அகப்படவில்லை. யாரும் என்னை நீக்கச் சொல்லவில்லை. மிராசுதாருக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை. தினமும் காலையில் என் இடம் காலியாக இருந்தது, அதைப் பார்த்து ஒருவன் குறித்துக்கொண்டு போனான், அவ்வளவுதான். நான் அவனுக்கு எதிரிலேயே உட்கார்ந்து அதை வேடிக்கை பார்த்திருக்கிறேன். இந்த அழகில் ஒரு கடிதம் எழுதி, முப்பது வருஷம் உழுத நிலத்தைவிட்டு நைனாவை எழுப்பி அனுப்பியிருக்கிறேன். மிராசுதார் ஆள் அனுப்பிக் கேட்டபோதும் நைனா வாயைத் திறக்காமல் இருந்தது, மகன் எழுதியது சத்தியம் என்று நம்பியதால்தானே. எனக்கு அழுகைகூட வரவில்லை. உடம்பெல்லாம் பதறியது. இன்று வரைக்கும் அந்தப் பதற்றம் முழுதாகப் போகவில்லை.

கமலா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஸாரி அப்பா என்றாள். அவளுக்குத் தமிழில் அதற்கு வார்த்தை தெரியாது. என்னை நம்பாமல் போனோமே என்பதுதான் அவளுக்குத் துக்கம். எனக்கிருந்த துக்கம் வேறு.

5

சாதாரண முறையிலேயே அவளுக்கு இடம் கிடைத்தது. நான் தடை சொல்லவில்லை. டிரங்குப் பெட்டி, கொசுவலை, செருப்பு எல்லாம் என் கட்டுரைப்படியே வாங்கினோம். கப்பல் டாக்டர் அம்மை குத்திய தழும்பைப் பார்த்தார், ஒருவர் முத்திரை குத்தினார், இன்னொருவர் அந்த முத்திரை செல்லாது என்று வேறொன்று குத்தினார். புறப்படும்போது அவளிடம் ஒரு கடிதம் கொடுத்தேன். அம்பத்தூரில் பெரிய வீடு எது என்று யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள், தாமோதரம் இருந்தால் அவர் கையில் மட்டும் கொடு என்றேன். நடந்தது முழுவதையும் அதில் எழுதியிருந்தேன். மன்னிப்பும் கேட்டிருந்தேன். மிராசுதார் காலமாகிவிட்டார் என்று முன்பே காதுக்கு வந்திருந்தது. அவரிடம் கேட்க வழியில்லை.

கமலாவின் பதில் போன வாரம் கிடங்கு விலாசத்துக்கு வந்தது. மத்தியான இடைவேளை. மேஜையில் உட்கார்ந்து பிரித்தேன். தமிழில்தான் எழுதியிருந்தாள், வரிக்கு இரண்டு பிழையோடு. அவள் நம்பர் பதினேழு. அட்டைக்காரன் இப்போதும் வருகிறானாம். முதல் நாள் ஒரு பெண் தன் சிநேகிதிக்காக இடம் மாறி உட்காரச் சொல்லிக் கேட்டாளாம், இவள் மாட்டேன் என்றுவிட்டாளாம். எனக்கு முதலில், இப்படி முகத்திலடித்தாற்போல் பேசலாமா என்றுதான் தோன்றியது. பிறகு என்னையே நினைத்து வெட்கப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, ஹாஸ்டல் அம்மாளிடம் அனுமதி வாங்கி, கூடப் படிக்கிற பெண் ஒருத்தியோடு அம்பத்தூர் போயிருக்கிறாள். தாமோதரம் இருந்தார். தலை நரைத்துவிட்டது, மற்றபடி திடமாக இருக்கிறார். என் கடிதத்தை இரண்டு தரம் படித்தாராம். அப்புறம் அவர் பேசியதை, விளங்காத இடங்களில் கேட்டுக் கேட்டு, அப்படியே எழுதியிருந்தாள்.

"நான் கூப்டேனேம்மா. பெஞ்ச தட்டிக்கூட காட்டுனேன். தண்ணி தகராறுல கோச்சிகினு, என் பக்கத்துல குந்த மாட்டேங்கிறான்னு நெனச்சிகினேன். எனக்கும் ரோசம் வந்துச்சி. அப்பால கூப்டல. இன்னொரு தபா கூப்ட்டிருக்கணும்."

அந்த இடத்தில் கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டேன். அவரும் இருபது வருஷமாக ஒன்றை நிச்சயமாக நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு முழப் பலகை எங்கள் இருவருக்கும் நடுவில் காலியாகக் கிடந்திருக்கிறது. நான் மரியாதை என்று நினைத்ததை அவர் கோபம் என்று நினைத்திருக்கிறார்.

பிள்ளைகளைப் படிக்க அனுப்புகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். காலேஜை உங்கள் சௌகரியப்படி தேர்ந்தெடுங்கள். அங்கே பிள்ளைக்கென்று ஒரு இடம் இருக்கும். பக்கத்தில் யார் இருந்தாலும் அதில் உட்காரச் சொல்லி அனுப்புங்கள். எதுவும் விளங்காவிட்டால் இரண்டாம் தரமும் ஏன் என்று கேட்கச் சொல்லுங்கள். கொசுவலை இல்லாவிட்டால்கூடப் பாதகமில்லை.

மறுபடி கடிதத்தை எடுத்தேன். கடைசியில் கமலா எழுதியிருந்தது இது: "அவர் பக்கத்தில் ஒரு நாற்காலி இருந்தது. அதைக் கையால் தட்டினார். நான் போய் உட்கார்ந்தேன் அப்பா."

அதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தபோது பெரிய கிராணி உள்ளே வந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர், நல்ல மனிதர். நான் எழுந்து நிற்க வேண்டாம் என்று பல தடவை சொல்லியிருக்கிறார். அன்றும் உட்காருங்கள் என்று கையைக் காட்டினார். அதற்குள் என் கால் என்னைக் கேட்காமலே எழுந்து நின்றுவிட்டது.